நெடுந்தீவில் குதிரைகளைத் துரத்தாமல் பார்ப்பது

வணக்கம் உறவுகளே. காற்று பலமாக இரைகிறது. அதனால் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவில், குதிரைகள் மேயும் வெளியில் நிற்கிறேன். அந்த ஒற்றைப் பனைக்குக் கீழே பழுப்பாகத் தெரிகிறதே, அவைதான். கிட்டப் போகமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் ஏறி பண்ணை, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் படகுத்துறைக்கு வந்தேன். மாசி மாதம் என்பதால் பண்ணைக் கடலில் இன்னும் பறவைகள் இருந்தன. ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் வந்தால் அந்த ஒரு மணி நேரமும் அலை தூக்கிப் போடும். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இந்த மாசிக் காலம்தான் நல்லது.

தீவின் படகுத்துறையான மாவிலித்துறையில் இறங்கியவுடன் ஓட்டோக்காரர்கள் கூப்பிடுவார்கள். வயதானவர்கள் தாராளமாக ஏறுங்கள். காலில் பலம் உள்ளவர்கள் சைக்கிள் எடுங்கள் என்பேன். தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். மேடு என்று ஒன்றும் கிடையாது. சைக்கிளில் போனால்தான் இந்த மதில்களை நின்று பார்க்கலாம். எல்லாம் முருகைக்கல், அதாவது பவளக்கல். சாந்து இல்லாமல், கல்லின்மேல் கல்லை அடுக்கியே வளவுக்கு வளவு எழுப்பியிருக்கிறார்கள். இடுக்குகளுக்குள்ளால் காற்று புகுந்து போகிறது. தொட்டுப் பாருங்கள், கல்லில் பவளப்பூச்சிகள் வாழ்ந்த சிறு குழிகள் விரலில் படும். ஒரு கல்லைக்கூட உருவி எடுக்காதீர்கள். கடலில் இறங்குவதென்றாலும் செருப்போடு இறங்குங்கள். அடியில் கிடப்பதும் இதே கல்தான், காலைக் கிழித்துவிடும்.

பெருக்கமரத்தையும் (பாவோபாப்) பார்த்தேன். ஆப்பிரிக்க மரம், அடிமரத்துப் பொந்துக்குள் ஆள் நுழையலாம். கோடையில் இலை கொட்டி, தண்டில் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு பிழைக்கும். தண்ணீர் அரிதான இந்தத் தீவுக்கு வந்து வேரூன்றியதில் அதற்குக் கஷ்டமே இருந்திருக்காது!

இனிக் குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை, ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கியவை என்பார்கள். வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் மழை பொய்த்தால் குட்டைகள் வற்றும், புல் கருகும், அப்படிப்பட்ட வருடங்களில் குதிரைகள் செத்து விழுந்திருக்கின்றன. நிழலுக்கும் இந்தப் பனைகளை விட்டால் வேறு இல்லை.

முன்பு ஒரு தடவை வந்தபோது, படம் எடுப்பதற்காக ஒரு வாகனம் ஹோர்ன் அடித்துக்கொண்டு இவற்றைத் துரத்தியதைக் கண்டேன். கூட்டம் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியது. ஒரு குட்டி மட்டும் ஓட முடியாமல் பின்தங்கி, திசை தெரியாமல் சுற்றிச் சுற்றி நின்றது. தாய் திரும்பி வரும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கோபம் இன்றும் ஆறவில்லை. குடிக்கத் தண்ணீர் தேடி நடக்கிற உயிரை, வெயிலில் எதற்காக ஓட வைக்க வேண்டும்?

ஆகவே நான் செய்வது இதுதான். சைக்கிளைத் தூரத்தில் சாய்த்துவிட்டு, குட்டையிலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்துவிடுவேன். பாண், பிஸ்கட் எதுவும் நீட்டமாட்டேன். தலையைத் தூக்கி, காதை நம் பக்கம் திருப்பினால் நம்மைக் கண்டுவிட்டன என்று அர்த்தம். அப்போது எழும்பக் கூடாது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மேயத் தொடங்கும். குடிதண்ணீரை யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுவாருங்கள். வெறும் போத்தலைத் திருப்பி எடுத்துப் போங்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே துறையில் கேட்டு வையுங்கள்.

பாருங்கள், முன்னால் வருவது பெண்குதிரை. பின்னால் குட்டியும் வருகிறது. தண்ணீருக்குத்தான் வருகின்றன. கமராவை இந்தக் கல்லின்மேல் வைக்கிறேன். அவை குடித்து முடிக்கும்வரை நான் பேசப் போவதில்லை.