தொழுகையில் ஓதும்போது உதடு அசைய வேண்டும்

(சென்னை மண்ணடியில் இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பின் நடந்த பயானின், அதாவது மார்க்க உரையின், எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

ஒரு நாளைக்கு ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) மட்டும் 17 ரக்அத் (நின்று, குனிந்து, சிரம் பணியும் ஒரு சுற்று). தனியாகத் தொழுபவர் குர்ஆனின் முதல் சூராவான (அத்தியாயமான) ஃபாத்திஹாவின் 7 ஆயத்தையும் (வசனத்தையும்) 17 முறை ஓதுகிறார். நபிவழியில் கூடுதலாகத் தொழும் சுன்னத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். "ஃபாத்திஹா ஓதாதவருக்குத் தொழுகை இல்லை" என்று நபித்தோழர் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட சூராவை ஒரு ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) ஓதிக் காட்டிச் சரிபார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? யாஸீன் சூரா மனப்பாடமாக இருக்கும், ஃபாத்திஹாவில் ஷத்து (எழுத்தை அழுத்தி இரட்டிக்கும் குறி) விட்டுப் போயிருக்கும்.

சத்தமில்லாமல் ஓதும் லுஹரிலும் அஸரிலும் (மதிய, மாலைத் தொழுகைகளில்) வாயை இறுக மூடி நிற்பவர்களைப் பார்க்கிறோம். மனசுக்குள் ஓட்டுவது கிராஅத்தில் (ஓதுதலில்) சேராது. நபி (ஸல்) அவர்கள் லுஹரிலும் அஸரிலும் ஓதினார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். "தாடி அசைந்ததை வைத்து" என்றார்கள். நாக்கும் உதடும் அசைந்து, நம் காதுக்கு நாமே கேட்க வேண்டும், பக்கத்து ஆளுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது, அதுதான் அளவு. ஃபேன் சத்தமும் தெருவில் லாரி ஹாரனும் இருந்தால், அவை இல்லாவிட்டால் கேட்கும் அளவு போதும்.

அடுத்தது எழுத்து. அரபியைத் தமிழ் எழுத்தில் அச்சடித்ததைப் பார்த்து ஓதப் பழகியவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். ஸீன், ஸாது என்ற இரண்டு அரபி எழுத்தும் அதில் ஒரே 'ஸ'. அல்ஹம்து என்ற சொல்லின் ஹா எழுத்து நடுத்தொண்டையிலிருந்து வர வேண்டும், நாமோ மூச்சுவிடுவது போல லேசாகச் சொல்லிவிடுகிறோம். ஆலமீன் என்ற சொல்லில் ஐன் எழுத்து போய் வெறும் 'ஆ' நிற்கிறது. கடைசி ஆயத்தின் ளாது எழுத்துக்கு நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களில் பட வேண்டும், நுனி நாக்கில் சொன்னால் அது வேறு எழுத்து. ஷாஃபி மத்ஹபின் (சட்ட வழியின்) கிதாபுகள் பிஸ்மியோடு சேர்த்து ஃபாத்திஹாவில் 14 ஷத்து என்று எண்ணிக் காட்டுகின்றன. ஒரு ஷத்தை விட்டால் ஒரு எழுத்தை விட்டதாகவே கணக்கு. சொல்லின் கடைசியில் உகரம் சேர்ப்பது வேறு நம் வாய்க்குப் பழக்கம். 'அன்அம்த்த' என்பதை 'அன்அம்த்து' என்று ஓதினால், "நீ அருள் புரிந்தாய்" என்பது "நான் அருள் புரிந்தேன்" ஆகிவிடுகிறது! இது சின்னப் பிழை இல்லை, தொழுகையையே கெடுத்துவிடும். முயன்றும் நாக்கு திரும்பாத முதியவர்களுக்குச் சலுகை உண்டு, முயலாமல் இருப்பவருக்கு இல்லை.

ஏழு ஆயத்தையும் ஒரே மூச்சில் முடிப்பது இன்னொரு கெட்ட வழக்கம், ரமலான் இரவுகளில் தொழும் தராவீஹ் சீசனில் கேட்கவே வேண்டாம். அடியான் ஒவ்வோர் ஆயத்தாக ஓதும்போது, "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்பது போல அல்லாஹ் பதில் சொல்வதாக முஸ்லிம் தொகுப்பில் ஹதீஸ் குத்ஸி (அல்லாஹ்வின் கூற்றாக நபி சொன்னது) இருக்கிறது. ஆயத்து முடிவில் நிறுத்தி ஓதுங்கள்.

இமாம்களுக்கும் ஒரு வார்த்தை. இஷாவில் நீளமாக ஓதிய முஆத் (ரலி) அவர்களை நபி (ஸல்) கண்டித்து, வஷ்ஷம்ஸி, ஸப்பிஹிஸ்ம போன்ற சூராக்களை ஓதச் சொன்னார்கள். பர்மா பஜாரில் கடையைச் சாத்திவிட்டு வருபவரும், ஹார்பர் ஷிப்ட் முடித்து வருபவரும் பின்னால் நிற்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு மத்ஹபுகளின் பள்ளிவாசல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குழப்பம் வருகிறது. ஷாஃபியில் ஃபாத்திஹா ருக்னு (தொழுகையின் தூண்), இமாமுக்குப் பின்னால் நிற்பவரும் ஓத வேண்டும். ஆனால் இமாம் ருகூவில் (குனிந்த நிலையில்) இருக்கும்போது வந்து சேர்ந்தவருக்கு, ஓதாவிட்டாலும், அந்த ரக்அத் கிடைத்துவிடும். ஹனஃபியில் பின்னால் நிற்பவர் மௌனமாக இருப்பார். இதற்காக ஸஃப்பில் (வரிசையில்) முறைத்துக்கொள்வதெல்லாம் வேண்டாத வேலை.

மறந்துவிட்டால்? இமாமோ தனியாகத் தொழுபவரோ ஷாஃபியாக இருந்து, ஃபாத்திஹாவை விட்டது ருகூவில் ஞாபகம் வந்தால், நிமிர்ந்து நின்று ஓதிவிட்டு மறுபடி ருகூவுக்குப் போக வேண்டும். ஃபாத்திஹாவுக்குப் பின் ஓதும் துணை சூராவை மட்டும் மறந்திருந்தால் அவருக்கு ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்காகச் செய்யும் ஸஜ்தா) கிடையாது. ஹனஃபியில் ஃபர்ளின் முதல் இரண்டு ரக்அத்தில் ஃபாத்திஹா, துணை சூரா இரண்டும் வாஜிப் (அவசியம்). எதை மறந்து முடித்தாலும் கடைசியில் ஸஜ்தா ஸஹ்வு செய்ய வேண்டும். ஓதும்போதே ஒரு சொல் பிசகியது தெரிந்தால், அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் போய்ச் சரியாகச் சொல்லி, அங்கிருந்து தொடர்ந்தால் போதும்.