மூன்று மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்கு: ‘நூன்’ என்னும் சொல்லின் வரலாறு

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வணக்கம்.

ஆங்கிலத்தில் காலத்தைக் குறிக்கும் சொற்களுள் ‘நூன்’ என்பதைப் போல ஐயத்துக்கு இடமில்லாததாகத் தோன்றும் சொல் வேறொன்று இருக்குமா என்பது எனக்குத் தெரியவில்லை. காலை எப்போது முடிகிறது, மாலை எப்போது தொடங்குகிறது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் நூன் என்றால் கதிரவன் உச்சிக்கு வரும் நேரம், கடிகாரத்தில் பகல் 12 மணி என்பதில் யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. இத்தனை உறுதியாக ஒலிக்கும் அந்தச் சொல்லின் வேரில் பன்னிரண்டும் இல்லை, நடுவும் இல்லை, கதிரவனும் இல்லை. அங்கே இருப்பது ஒன்பது என்னும் எண். இலத்தீனில் ‘நோனா’ என்றால் ஒன்பதாவது. ‘நோனா ஹோரா’ என்றால் பகலின் ஒன்பதாம் மணி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் இச்சொல்லை வழங்கியவர்கள் இன்றைய கணக்கில் பிற்பகல் மூன்று மணியை ஒட்டிய பொழுதையே அதனால் குறித்தார்கள். மூன்று மணியைக் குறித்த சொல் பன்னிரண்டு மணிக்கு எப்படி வந்து சேர்ந்தது, வந்து சேர்ந்த இடத்திலாவது அது நிலைத்து நின்றதா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ரோமானியர்கள் பகலை எண்ணிய முறையைப் பார்க்க வேண்டும். கதிரவன் எழுவதிலிருந்து மறைவது வரையுள்ள பொழுதை அவர்கள் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்தார்கள். பகல் நீண்டால் பங்கும் நீண்டது, பகல் குறுகினால் பங்கும் குறுகியது. ரோம் நகரின் கோடைப் பகல் ஏறத்தாழ 15 மணி நேரம் நீள்வதால் அங்கே கோடையில் ஒரு ‘மணி’ நம்முடைய 75 நிமிடங்களாகவும், குளிர்காலத்தில் 45 நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தது. ஆறாம் மணி முடியும்போது எல்லாப் பருவத்திலும் நடுப்பகல். பகலும் இரவும் சமமாக உள்ள நாளில் ஒன்பதாம் மணி முடியும்போது நம் கடிகாரப்படி மூன்று மணி. தமிழ் விவிலியத்தைப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதியதன்று. இயேசு சிலுவையில் உயிர்விட்ட பொழுது அங்கே ஒன்பதாம் மணி நேரம் என்று குறிக்கப்படுகிறது. அதைக் காலை ஒன்பது மணி என்று எடுத்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு; ஆறாம் மணியிலிருந்து ஒன்பதாம் மணி வரை நாடெங்கும் இருள் சூழ்ந்தது என்ற வரியை அதனோடு சேர்த்துப் படித்தால், உச்சிப் பகலில் தொடங்கிப் பிற்பகல் வரை நீண்ட இருள் அது என்பது விளங்கும்.

கிறித்தவத் துறவியர் தம் அன்றாட வழிபாட்டை இந்தக் கணக்கின்படியே அமைத்துக்கொண்டார்கள். மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணிகளில் ஒவ்வொரு வழிபாடு. ஒன்பதாம் மணி வழிபாட்டுக்கு அந்த மணியின் பெயரே பெயராயிற்று. பழைய ஆங்கிலத்தில் ‘நோன்’ என்று வழங்கியது இந்த வழிபாட்டு நேரமே. நடுப்பகலைச் சொல்ல அந்த மக்களிடம் ‘மிட்டே’ என்ற சொல்லின் பழைய வடிவம் முன்பே இருந்தது. ஆகவே ஒரு பெயர் இல்லாத பொழுதுக்குப் பெயர் தேடி நூன் அங்கே போகவில்லை. ஏற்கெனவே பெயருள்ள ஓர் இடத்துக்குப் போய்க் குடியேறியது.

ஏன் போனது? இதற்குப் பசியே காரணம் என்ற விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கேட்டவுடன் சிரிப்பை வரவழைக்கும் விளக்கமாக இருந்தாலும் அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன், ஏனென்றால் சான்றுகள் அந்தப் பக்கமே நிற்கின்றன. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவு விதிகள், செப்டம்பர் நடுவிலிருந்து தவக்காலம் தொடங்கும் வரையில் நாளின் ஒரே உணவை ஒன்பதாம் மணிக்குப் பிறகே உண்ண வேண்டும் என்றும், கோடையில் புதன், வெள்ளிக் கிழமைகளில் மட்டும் அவ்வாறு நோன்பிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தவக்காலத்தில் உணவு மாலை வழிபாடு வரை தள்ளிப்போகும். விடியலுக்கு முன்பே எழுந்து பாடி, படித்து, வயலிலும் உழைத்தவர்களுக்குப் பிற்பகல் மூன்று மணி வரை வெறும் வயிறு. அந்த நிலையில் ஒன்பதாம் மணி என்பது வழிபாட்டின் பெயராக மட்டும் இருந்திருக்க முடியாது; அதுவே சோற்று மணியும் ஆகும். உணவு வழிபாட்டுக்குப் பின்புதான் என்பது மாற்ற முடியாத விதி. ஆனால் வழிபாட்டைச் சற்று முன்னதாகவே முடித்துக்கொள்ளக் கூடாது என்று விதியில்லை. இன்னும் சொன்னால், பெனடிக்டின் விதிகளே கோடைக்காலத்தில் அந்த வழிபாட்டை எட்டாம் மணியின் நடுவிலேயே நடத்தலாம் என்று இடம் கொடுத்தன. நகர்வின் முதல் அடியை விதியே எடுத்து வைத்துவிட்டது.

அடுத்த சில நூற்றாண்டுகளில் அது இன்னும் முன்னே வந்தது. யாரும் ஆணை பிறப்பிக்கவில்லை. மணியடிப்பவர் சிறிது முன்னதாக அடித்தார். அடித்ததே நேரம் ஆயிற்று. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே, தம் உரைநடை நூலொன்றில் ஏழாம் மணி தொடங்கும்போதே, அதாவது சரியாக நடுப்பகலிலேயே, இந்த மணி ஒலிக்கிறது என்று எழுதுகிறார். அதற்கு அவர் தரும் காரணம் வேறு: நடுப்பகல்தான் நாளின் மிக உயர்ந்த பொழுது, ஆகவே திருச்சபை தன் வழிபாடுகளை இரு புறமிருந்தும் அதன் அருகே கொண்டுவருகிறது என்கிறார். அழகிய விளக்கம்தான். ஆனால் தவக்காலத்தில் மாலை வழிபாட்டையே நண்பகலுக்கு முன் சொல்லி முடித்துவிட்டு உணவுக்குப் போகும் வழக்கம் பிற்காலத்தில் பரவியதை நினைக்கும்போது, தாந்தேயின் விளக்கத்தைக் காட்டிலும் வயிற்றின் விளக்கத்துக்கே வலிமை கூடுகிறது.

துறவியரின் பசி ஒருபுறம் இருக்க, நகரத்து உழைப்பாளர்களின் பங்கையும் கூற வேண்டும். மக்கள் நேரம் அறிந்தது தேவாலய மணியின் ஓசையால். கொத்தனும் தச்சனும் வேலையை நிறுத்தி உணவருந்தியதும் அந்த மணி கேட்டுத்தான். பிரெஞ்சு வரலாற்றறிஞர் ழாக் லெ கோஃப், ஒன்பதாம் மணி நடுப்பகலுக்கு வந்ததில் இந்த உழைப்பாளர்களின் இடைவேளைக்கு முக்கியப் பங்குண்டு என்றும், அதனால் வேலைநாள் இரண்டாகப் பிளந்து ‘அரைநாள்’ என்னும் கூலி அளவு வலுப்பெற்றது என்றும் வாதிட்டார். இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டில் தொழிலாளிகளுக்கு நூன் நேரத்தில் கொடுக்கும் பானத்துக்கு ‘நன்ச்சன்’ என்று பெயர். நூன் என்பதோடு குடிப்பதைக் குறிக்கும் பழஞ்சொல் சேர்ந்து பிறந்தது அது. இன்று நாம் ‘லஞ்ச்’ என்று வழங்குவதன் நீண்ட வடிவமான ‘லஞ்சன்’ உருவானதில் அதன் சாயல் படிந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

12ஆம் நூற்றாண்டையொட்டித் தொடங்கிய இந்த மாற்றம் 14ஆம் நூற்றாண்டுக்குள் ஆங்கிலத்தில் நிறைவடைந்தது. அதே இலத்தீன் சொல்லைக் கடன்வாங்கிய அண்டை மொழிகள் அந்தப் பக்கம் போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஐரிஷ் மொழியில் ‘ட்ராநோனா’ என்றால் பிற்பகலும் மாலையும். வேல்ஸ் மொழியில் ‘ப்ரின்ஹௌன்’ என்றால் பிற்பகல். இரண்டிலும் ஒன்பதாம் மணி தன் பழைய இடத்தின் அருகிலேயே இன்றும் இருக்கிறது. ஆங்கிலமோ நூனை நடுப்பகலுக்கு நகர்த்திய பின், அது விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்ப ‘ஆஃப்டர்நூன்’ என்று ஒரு கூட்டுச்சொல்லை ஆக்கிக்கொண்டது. ஒரு காலத்தில் நூனாகவே இருந்த மூன்று மணி, இப்போது நூனுக்குப் பிந்திய பொழுதாகிவிட்டது.

நடுப்பகலில் அமர்ந்த பிறகு சொல் மேலும் விரிந்தது. உச்சம் என்ற பொருள் அதில் ஏறியது. வாழ்வின் உச்சநிலையை வாழ்க்கையின் நூன் என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் மில்டன் இரவு வானில் உயர்ந்து நிற்கும் நிலவுக்கும் நூன் உண்டு என்று பாடினார். நள்ளிரவையே இரவின் நூன் என்று சொல்லும் வழக்கும் கவிதையில் இருந்தது.

சொல் இவ்வாறு கவிதையில் உலவிய காலத்தில், கடலோடிகளும் வானியலாரும் அதை மிகக் கண்டிப்பாகக் கையாண்டார்கள். கப்பலில் நாள் நள்ளிரவில் தொடங்கவில்லை, நூனில் தொடங்கியது. பிரிட்டிஷ் கடற்படை 1805 வரை இம்முறையைக் கொண்டிருந்தது. உச்சிப்பொழுது நெருங்கும்போது அலுவலர்கள் கருவிகளோடு மேல்தளத்தில் நின்று கதிரவனின் உயரத்தை அளப்பார்கள். அது ஏறுவது நின்று இறங்கத் தொடங்குவதைக் கண்டதும் தலைவரிடம் பன்னிரண்டு ஆயிற்று என்று அறிவிப்பார்கள். ‘அப்படியே ஆகட்டும்’ என்று அவர் ஆணையிட்ட பின்புதான் எட்டு முறை மணி ஒலிக்கும், கப்பலில் புதிய நாள் பிறக்கும். கதிரவன் உச்சியைக் கடந்தாலும் தலைவர் சொல்லாமல் நூன் ஆகாது என்னும் இந்த நடைமுறையில், இச்சொல்லின் இயல்பு முழுவதும் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். வானியலார் இன்னும் நெடுங்காலம் இம்முறையைப் பின்பற்றினார்கள். ஓர் இரவு முழுவதும் செய்த ஆய்வு நடுவில் தேதி மாறாமல் ஒரே நாளின் கணக்கில் அடங்க வேண்டும் என்பது அவர்களின் தேவை. 1925 ஜனவரி 1 அன்றுதான் அவர்களும் நள்ளிரவுக்கு மாறினார்கள். ஆனால் நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் கணக்கு இன்றைக்கும் நூனில்தான் தொடங்குகிறது.

அடுத்து வந்தது இரயில். அதுவரை ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் நூன் இருந்தது. லண்டனுக்கு மேற்கே உள்ள பிரிஸ்டலில் அது 10 நிமிடம் தாமதமாக வரும். 1840இல் கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே தன் நிலையங்கள் அனைத்துக்கும் லண்டன் நேரத்தையே விதித்தபோது ஊர் நேரம், இரயில் நேரம் என இரண்டு உண்டாயின. பிரிஸ்டலில் பழைய வணிகக் கூடத்தின் கடிகாரத்தில் இரண்டு நிமிட முட்களை இன்றும் காணலாம். எது சட்டப்படியான நேரம் என்ற வழக்கே எழுந்தது. டார்செஸ்டர் நகர நீதிமன்றம் கிரீனிச் நேரப்படி, அதாவது லண்டன் நேரப்படி கூடி, இன்னும் வந்து சேராத எதிர்வாதிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஊர் நேரப்படி தாம் தாமதிக்கவில்லை என்று அவர் முறையிட்டார். 1858இல் மேல்நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, ஊரின் நேரமே நேரம் என்றது. 1880இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகுதான் பிரிட்டன் முழுவதற்கும் கிரீனிச் நேரம் சட்டப்படி நிலைபெற்றது. அமெரிக்காவில் 1883 நவம்பர் 18 அன்று இரயில் நிறுவனங்கள் மண்டல நேரத்தைக் கொண்டுவந்தபோது, நியூயார்க்கில் ஊர் நேரப்படி ஒரு நூனும், ஏறத்தாழ நான்கு நிமிடங்களுக்குப் பின் புதிய நேரப்படி இன்னொரு நூனும் வந்தன.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தின் நேரமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்களின் நேரமாக இருந்தது. கல்கத்தாவும் பம்பாயும் தத்தம் நடுப்பகலை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவற்றின் நிலையங்களிலிருந்து வண்டிகள் சென்னையின் நேரத்தைப் பார்த்துப் புறப்பட்டன. 1906இல் 82½ பாகை நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் அதன் இடத்தைப் பிடித்தது. அந்தக் கோடு சென்னைக்குக் கிழக்கே இருப்பதால், கதிரவன் சென்னையின் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 9 நிமிடத்துக்கு. கன்னியாகுமரியில் அது 12.20. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் இதோடு சேர்ந்துகொள்வதால், சென்னையில் உண்மையான உச்சிப்பொழுது நவம்பர் தொடக்கத்தில் 11.53க்கே வந்துவிடுகிறது, பிப்ரவரி நடுவில் 12.23 வரை தள்ளிப்போகிறது. இலங்கையில் 1996இல் மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கடிகாரங்களை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அந்தச் சில மாதங்களில் கொழும்பில் கதிரவன் உச்சிக்கு வந்தபோது பெரும்பாலும் கடிகாரம் பிற்பகல் ஒரு மணியைத் தாண்டியிருந்தது. பின்னர் அதை அரை மணி குறைத்து, 2006இல் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள்.

இன்று கால அட்டவணைகளில் இச்சொல்லுக்கு ஒரு புதிய வேலையும் வாய்த்திருக்கிறது. ஏ.எம். என்பது நடுப்பகலுக்கு முன், பி.எம். என்பது நடுப்பகலுக்குப் பின் என்று பொருள்படும் இலத்தீன் தொடர்களின் சுருக்கம். நடுப்பகலோ தனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகவே வெறும் 12 பி.எம். என்று அச்சிட்டால் படிப்பவர்களுள் ஒரு சாரார் அதை நள்ளிரவு என்று கொள்கிறார்கள். பயணச்சீட்டிலும் தேர்வு அறிவிப்பிலும் விண்ணப்பத்தின் கடைசி நேரத்திலும் அந்தக் குழப்பம் நேராமல் இருக்க ‘12 நூன்’ என்று அச்சிடுகிறார்கள். ஒன்பது என்னும் பொருளுடைய சொல், இப்போது பன்னிரண்டுக்குப் பக்கத்தில் நின்று அது எந்தப் பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.