டீக்கடைச் சுவரில் ஒரு பச்சைப் பல்லி: குறைந்த செலவில் அந்தமான்

[காட்சி: சிடியா தாப்பு, ஒரு டீக்கடைச் சுவர். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

முதலில் இந்தப் பல்லியைப் பாருங்கள். நம் வீட்டு ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்குமே, அந்த வெளிறிய பல்லி இல்லை. நல்ல வாழையிலைப் பச்சை. முதுகில் குங்குமத்தைத் தொட்டுத் தெளித்தது போலச் சிவப்புப் பொட்டுகள். நம் ஊர்ப் பல்லி இருட்டினால்தான் வெளியே வரும். இது பட்டப்பகலில், டீ ஆற்றுகிறவரின் தலைக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்து பூச்சிக்குக் காத்திருக்கிறது. அந்தமான் தீவுகள்தான் இதற்குச் சொந்த ஊர். இதன் சொந்தக்காரர்கள் எல்லாம் மடகாஸ்கர், மொரீஷியஸ், செஷல்ஸ் பக்கம் இருக்கிறார்கள். நடுவில் ஒரு பெருங்கடலே கிடக்கிறது.

இதைப் பார்க்க எனக்கு ஆன செலவு, போர்ட் பிளேரிலிருந்து வந்த அரசு பஸ்ஸின் டிக்கெட்டும் ஒரு டீயும்.

அந்தமான் என்றதும் பலருக்கும் பேக்கேஜ்தான் நினைவுக்கு வரும். ஐந்து பகல், நான்கு இரவு, ஏசி கார், தனியார் கப்பல், ஹேவ்லாக்கில் கடற்கரை ரிசார்ட், ஒரு ஸ்கூபா முழுக்கு. அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி ஒரே காரியத்துக்குத்தான் போகிறது: உங்களைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சீக்கிரம் திருப்பிக் கொண்டுவர. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் அந்தக் காசில் பங்கே இல்லை. எட்டு முதல் பத்து நாள் கையில் இருந்தால், அதே தீவை அதைவிடப் பல மடங்கு குறைந்த செலவில், பல மடங்கு அதிகமாகப் பார்க்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப். இரண்டும் 2018-ல் மாறின. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், பஸ் கண்டக்டர் வாயில் பழைய பெயர்தான் வரும். நானும் கண்டக்டர் கட்சி.

[காட்சி: சென்னைத் துறைமுகம், கப்பலின் பக்கவாட்டுத் தோற்றம்.]

போய்ச் சேருவது. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் போல. பயணிகள் கப்பலில் ஏறினால் கிட்டத்தட்ட மூன்று நாள். கப்பலில் மிக மலிவானது பங்க் வகுப்பு: பெரிய கூடத்தில் அடுக்குக் கட்டில்கள், பொதுக் கழிப்பறை, சின்னக் குழந்தைகளின் அழுகை, யாரோ பிரிக்கும் புளிசாதப் பொட்டலத்தின் வாசனை. இரண்டாம் நாள் காலையில் மேல்தளக் கம்பியில் சாய்ந்து நின்றால், கப்பல் கிழிக்கிற தண்ணீரிலிருந்து பறவைக்கோலா மீன்கள் விசிறி விட்டது போலப் பறக்கும். அதற்காக ஒருமுறை போகலாம். காசை மிச்சம் பிடிக்க என்றால், என் கணக்கு வேறு. மாதத்துக்குச் சில தடவைதான் கப்பல் புறப்படும், தேதியும் மாறும். முன்கூட்டியே எடுத்த விமான டிக்கெட்டுக்கும் கப்பல் டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, போக வர ஆறு நாள் விடுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வழி கப்பல், ஒரு வழி விமானம் என்றால் சரி. வயிறு கலங்குகிற ஆளாக இருந்தால் அந்த ஒரு வழியும் வேண்டாம்.

இந்தியர்களுக்கு அந்தமானுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. நிக்கோபார் வேறு கதை. அங்கே பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி அனுமதி வேண்டும், சுற்றுலாவுக்கு அது கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் பிளேரில் மொழிக் கவலை இல்லை. அபர்தீன் பஜாரில் நின்று தமிழில் வழி கேட்டால் நான்கில் ஒருவராவது தமிழில் பதில் சொல்வார். இட்லி, தோசை, புரோட்டா எல்லாம் உண்டு. அங்கேயே பஸ் நிலையம். தங்கும் அறையை அதன் பக்கத்தில் எடுத்துவிட்டால் ஆட்டோச் செலவு பாதி குறைந்துவிடும்.

[காட்சி: சிப்பிகாட். நீருக்கு நடுவே பட்டுப்போன மரங்கள். நிறைய பறவைகள்.]

சிடியா தாப்புக்கு வருவோம். நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே. எல்லோரும் சூரிய அஸ்தமனம் பார்க்க மாலையில் வருகிறார்கள். நீங்கள் விடிகாலைப் பஸ்ஸில் வாருங்கள். தார்ச்சாலையிலேயே நடந்தால் போதும், காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் கரிச்சான், அந்தமான் வால்காக்கை, பழுப்பு நிறச் செண்பகம் என்று, இந்தத் தீவுக்கூட்டத்தை ஒட்டிய பகுதிகளுக்கே உரிய பறவைகளை டீக் குடிக்கும் இடைவெளியில் எண்ணிக்கொண்டே போகலாம். நம் ஊர்ச் செண்பகத்துக்குக் கறுப்புத் தலையும் செம்பழுப்பு இறக்கையும். இங்கே கறுப்பை யாரோ கழுவிவிட்டது போல இருக்கும்.

சிப்பிகாட்டிலும் ஒருமுறை இறங்குங்கள். இந்தச் சதுப்பு 2004 டிசம்பர் 25-ம் தேதி வரை இங்கே இல்லை, வயலாக இருந்தது. மறுநாள் வந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்தது. வடக்கு அந்தமான் மேலே எழுந்தது; அங்கே பவளப் பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்து செத்தன. இங்கே கடல் வயலுக்குள் வந்தது, திரும்பிப் போகவில்லை. நிலத்தை இழந்தவர்களுக்கு அது இழப்புதான், அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கண்ணுக்கு வெள்ளை மை தீட்டிய அந்தமான் கிளுவை என்ற வாத்து இப்போது அந்த வரப்புகள் இருந்த இடத்தில்தான் மேய்கிறது. பைனாகுலர் இருந்தால் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம்.

அடுத்தது நீல் தீவு. இங்கே படகு டிக்கெட்தான் பட்ஜெட்டைத் தீர்மானிக்கிறது. அரசுப் படகில் சில நூறு ரூபாய், தனியார் ஏசி படகில் ஆயிரத்தைத் தாண்டும். அரசுப் படகில் இன்னொரு லாபம், மேல்தளத்தில் நின்று வரலாம். தனியார் படகில் கண்ணாடிக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும். ஆனால் அரசு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முதலிடம் உள்ளூர்க்காரர்களுக்குத்தான். அது நியாயமும் கூட. நமக்குச் சுற்றுலா, அவர்களுக்கு ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும். கடல் கொந்தளித்தால் எந்தப் படகும் போகாது. எனக்கு அப்படி ஒரு நாள் முழுக்கப் படகுத்துறையிலேயே கழிந்தது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் கட்டாயம் போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள்.

நீல் தீவு மிகச் சிறியது. சைக்கிளை வாடகைக்கு எடுத்தால் ஒரே நாளில் எல்லாக் கரையையும் தொட்டுவிடலாம். ஸ்கூபாவுக்குக் காசு இல்லாதவர்களுக்கு இங்கே கடலே ஒரு சலுகை தருகிறது. ஓதம் நன்றாக வற்றி, கடல் பின்வாங்கும் நேரத்தில் பாறைத் திட்டு வெளியே வரும், குழிகளில் மட்டும் தண்ணீர் நிற்கும். ஒரு குழியின் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கல் என்று நினைத்தது கடல் அட்டையாக மாறும். பாசி என்று நினைத்தது நகரும். பாறை இடுக்கிலிருந்து பாம்பு போல நீண்ட அஞ்சாளை மீன் ஒன்று வாயைத் திறந்து மூடும். கையை உள்ளே விடாதீர்கள், உயிருள்ள பவளத்தில் கால் வைக்காதீர்கள். உள்ளூர்ப் பையன் ஒருவனைக் கூட்டிப் போனால் எங்கே மிதிக்கலாம் என்று காட்டுவான், கொடுக்கிற காசும் அந்த வீட்டுக்கே போகும். கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்ள ஆசை வரும். வேண்டாம். பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது, விமான நிலையத்தில் பை திறக்கப்படும்.

எந்த நாளில் எத்தனை மணிக்கு வற்றும் என்பதற்கு ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் இன்னும் விலகும். பயணத் தேதியை நாட்காட்டி பார்த்து முடிவு செய்ய இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

[காட்சி: வரைபடம். ஹேவ்லாக்கிலிருந்து ரங்கத்துக்குக் கடல் வழியாக ஒரு கோடு.]

இனி வடக்கே. பேக்கேஜ்காரர்கள் திரும்பிப் போகிற இடத்திலிருந்து நமக்கு ஆரம்பம்.

போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை பஸ் ஓடுகிறது. கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல் ஆகும், மிக மலிவு. ஆனால் அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. காவலர் துணையோடு வாகனங்கள் வரிசையாகத்தான் போக வேண்டும். அவர்களைப் படமெடுப்பது குற்றம், எதையும் கொடுப்பதும் குற்றம். 2002-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதிச் சாலையை மூடவே சொன்னது, இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. "ஜாரவா பார்க்கலாம்" என்று யாராவது காதருகே ஆசை காட்டினால் அவரிடம் வேறு எந்த டிக்கெட்டும் வாங்காதீர்கள். நான் அந்த வழியாகப் போகவில்லை. ஹேவ்லாக்கிலிருந்து மத்திய அந்தமானில் உள்ள ரங்கத் என்ற ஊருக்கு அரசுப் படகு உண்டு, தினமும் இருக்காது, படகுத்துறையில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ரங்கத்தில் இறங்கினால் அங்கிருந்து வடக்கே போகும் பஸ் ஜாரவா காட்டைத் தொடுவதில்லை.

ரங்கத்துக்கென்று தனியாக ஒரு நாளா என்று பைக்குள் இருக்கும் பயண அட்டவணை யோசிக்கும். ஒதுக்கலாம். தானி நல்லா என்ற இடத்தில் அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் ஆளே இருப்பதில்லை. கீழே சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள், அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டி ஒன்றையொன்று கூப்பிடும். ஓடைகளில் உவர்நீர் முதலை உண்டு என்பதால் பலகையை விட்டு இறங்க வேண்டாம். இது பயமுறுத்தச் சொல்வதில்லை. 2010-ல் ஹேவ்லாக்கிலேயே ஒரு வெளிநாட்டுப் பயணி முதலையால் உயிரிழந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை இருக்கிற கரையில் குளிக்காதீர்கள், முக்கியமாக ஓடை கடலில் சேருகிற இடங்களில்.

வடக்கே போகப் போகச் சாப்பாட்டு மேசையில் வங்காளம் வந்துவிடும். கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர்கள் இவை. சோறு, பருப்பு, கடுகெண்ணெய் வாசனையோடு ஒரு மீன் துண்டு. சின்ன ஹோட்டல்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பட்ஜெட் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஏடிஎம் மீது மட்டும் முழு நம்பிக்கை வைக்காமல், ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

[காட்சி: காலிபூர் கடற்கரை, இரவு. திரை கிட்டத்தட்ட முழு இருட்டு. அலை ஓசை மட்டும்.]

டிக்லிபூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் காலிபூர். பகலில் பார்த்தால் கறுத்த மணல், சுமாரான கரை, ஹேவ்லாக் பார்த்த கண்ணுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். பக்கத்திலேயே அந்தமானின் மிக உயரமான மலை, 732 மீட்டர் சேடில் பீக். வனத்துறையிடம் பதிவு செய்துவிட்டு ஏறலாம். ஆனால் இங்கே வருவது இரவுக்காக. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கு வகைக் கடலாமைகள் இந்தப் பக்கத்தில் கரையேறி முட்டையிடுகின்றன. நம் மீனவர்கள் வாயில் அவற்றுக்கு நல்ல பெயர்கள் உண்டு: பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை. இங்கே அதிகம் வருவது பங்குனி ஆமை.

முதல் இரவு வனக் காவலருடன் நடந்தோம். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் இரவு மணல் ஈ கடித்ததுதான் மிச்சம். பேக்கேஜில் வந்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும்.

மூன்றாம் இரவு ஒரு மணிக்கு மேல், காவலர் சட்டென்று நின்று டார்ச்சை அணைத்தார். மணலில் டிராக்டர் டயர் தடம் போல ஒரு கோடு, கடலிலிருந்து மேலே. தடத்தின் முனையில் மூச்சு விடும் சத்தம், வயதானவர் மாடிப்படி ஏறி முடித்தது போல. பின்னாலேயே உட்காரச் சொன்னார். முகத்துக்கு முன்னால் போனாலோ வெளிச்சம் பட்டாலோ முட்டையிடாமல் திரும்பிவிடும். சிவப்பு விளக்கின் மங்கலில் பார்த்தேன். பின் துடுப்புகள் இரண்டும் மாறி மாறி, கை போல வளைந்து, மணலை அள்ளி அள்ளி ஓரமாக வைக்கின்றன. பின்னால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது, பார்த்ததும் இல்லை. அப்படியும் பானை வயிறு போல ஒழுங்கான குழி. பிறகு இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக, பிங்பாங் பந்து அளவு முட்டைகள். நூறுக்குப் பக்கம் எண்ணினோம். மூடி முடித்ததும் ஓட்டின் அடிப்பகுதியால் இடம் வலமாக மணலைத் தட்டியது. தட், தட், தட். அந்த அதிர்வு என் முட்டிக்கு வந்தது.

இதற்குக் கட்டணம் கேட்டு யாரும் வரவில்லை. அனுமதி கேட்டேன், வெள்ளை வெளிச்சமும் ஃப்ளாஷும் வேண்டாம் என்றார்கள், ஒத்துக்கொண்டேன். அதனால்தான் உங்கள் திரை இப்போது இருட்டாக இருக்கிறது.

ஆமை கடலுக்குத் திரும்பியதும் காவலர் முட்டைகளை வாளியில் எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டு போனார். நாயும் உடும்பும் தோண்டிவிடாதபடி வலை போட்ட இடம். அதே ஆழத்தில் குழி, அதே வரிசையில் முட்டைகள், மேலே ஒரு குச்சி, குச்சியில் தேதியும் எண்ணிக்கையும். நாற்பத்தைந்து நாள் கழித்து வாருங்கள், குஞ்சுகளை விடும்போது பார்க்கலாம் என்றார்.

எனக்கு நான்காவது நாள் விமானம்.