அழுகிற பிள்ளையின் தைரியம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தடுப்பூசி போடுகிற இடத்தில் ஒரு பையன் அழுதால், பக்கத்தில் இருக்கிற பெரியவர் உடனே சொல்வார்: "ஆம்பளப் புள்ள அழலாமா?" பெண் குழந்தை என்றால், "சமர்த்துக் குட்டி அழாது." அழுதுகொண்டே அந்தப் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அதை யாரும் கவனிப்பதில்லை. பயத்தோடு கையை நீட்டுவதற்குத்தான் மனபலம் வேண்டும். "பயமா இருந்தும் கையை இழுக்காம நின்னியே, அது தைரியம்" என்று அங்கேயே, அப்போதே சொல்லிவிட வேண்டும். பொதுவாக "நீ தைரியசாலி" என்றால் குழந்தைக்கு எதுவும் விளங்காது. எந்தச் செயல் என்று சுட்டிக் காட்டினால் அது மனதில் நிற்கும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். என் வகுப்பில் குகேஷைத் தெரியாத பிள்ளை இல்லை. 18 வயதில் சதுரங்க உலக சாம்பியன் ஆனவர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அந்தப் போட்டியின் நடுப்பகுதியைத்தான் சொல்வேன். 2024 கடைசியில், சிங்கப்பூரில், மொத்தம் 14 ஆட்டங்கள். முதல் ஆட்டத்திலேயே, அதுவும் முதலில் நகர்த்தும் சாதகம் உள்ள வெள்ளைக் காய்களோடு ஆடி, குகேஷ் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்துச் சரிக்கட்டினார். 11ஆவது ஆட்டத்தில் ஜெயித்து முந்தினார். அடுத்த ஆட்டத்திலேயே தோற்று, மறுபடியும் சமநிலை. இவ்வளவுக்கும் பிறகுதான் கடைசி ஆட்டத்தில் பட்டம் வந்தது. ஜெயித்ததும் உலகமே பார்க்க அழுதார். காய்களை அதனதன் இடத்தில் திரும்ப அடுக்கியும் வைத்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த, அதுவரை உலக சாம்பியனாக இருந்த சீன வீரர் டிங் லிரெனையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மனச்சோர்வால் தான் பட்ட அவதியை வெளிப்படையாகப் பேசியவர் அவர். அந்த நிலையிலும் கடைசி ஆட்டம் வரை போராடினார். பட்டம் கைவிட்டுப் போனதும், இந்த முடிவு நியாயமானதுதான், வருத்தமில்லை என்றார். குகேஷோ அவரை உண்மையான சாம்பியன் என்று புகழ்ந்தார். ஜெயித்தவரிடம் ஒரு வகை பலம், தோற்றவரிடம் இன்னொரு வகை. இரண்டாவதைப் பற்றி நாம் வீட்டில் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, சதுரங்கம் ஆடாத பிள்ளைக்கு? "நான்தான் டீச்சர் உடைச்சேன்" என்று தானாக வந்து சொல்வது பலம். நண்பர்கள் எல்லோரும் ஒருவனைக் கேலி செய்யும்போது சேர்ந்து சிரிக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய பலம். பெரியவர்களாலேயே பல நேரம் முடிவதில்லை.

இன்னொன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உதவி கேட்பதும் பலம்தான். தாங்கிக்கொள்வதை மட்டுமே நாம் புகழ்ந்துகொண்டிருந்தால், ஒருவர் தப்பாகத் தொட்டால்கூடப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடும். "யார் மிரட்டினாலும் என்கிட்ட வந்து சொல்லு, உன்னைத் திட்ட மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். 24 மணி நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.

இன்று ராத்திரி சாப்பிடும்போது, "எத்தனை மார்க்?" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் சில நாள் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். விடாமல் கேளுங்கள். அப்புறம் பிள்ளை பேச ஆரம்பித்ததும், நடுவில் புத்திமதி சொல்லாமல் கடைசி வரை காது கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.