40 பவுண்டு வில் என்றால் என்ன?

வணக்கம். வில் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி, "உங்க வில் எத்தனை பவுண்டு?" என்பதுதான். 40 என்றோ 55 என்றோ பதில் வரும், பெரிய எண் சொன்னவர் முகத்தில் கொஞ்சம் பெருமையும் தெரியும். அந்த எண் பொய்யில்லை. நாணை வழக்கமான 28 அங்குலத்துக்கு இழுத்துப் பிடிக்கும்போது விரல்களில் விழும் விசை அது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அம்பு என்ன வேகத்தில் போகும் என்று சொல்ல முடியாது. ஒரே 40 பவுண்டு எழுதியிருக்கும் இரண்டு வில்களில் ஒன்று அம்பைச் சீறவிடும், இன்னொன்று ஏனோதானோவென்று தள்ளிவிடும்.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பயணப் பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று, அளவு நாடா, கட்டம் போட்ட தாள், இவ்வளவு போதும். நாணின் நடுவில் கொக்கியை மாட்டி ஒவ்வோர் அங்குலமாக இழுத்து, தராசு காட்டுவதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். வானொலியில் படம் காட்ட முடியாது, மனதில் வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் வில்லுக்குள் நீங்கள் போட்டு வைத்த ஆற்றல்.

பூட்டிய நாணுக்கும் பிடிக்கும் இடைவெளி 7 அங்குலம் என்றால், இழுக்கும் தூரம் 21 அங்குலம், சுமார் 53 சென்டிமீட்டர். 40 பவுண்டு விசை ஏறத்தாழ 178 நியூட்டன். கோடு நேராக ஏறினால் பரப்பு 47 ஜூல். ஆனால் கோடு நேராக ஏறவேண்டும் என்று கட்டாயம் இல்லை. முனைகள் முன்பக்கம் வளைந்த வில், குறிப்பாகக் கொம்பும் தசைநாரும் ஒட்டிச் செய்த கூட்டு வில், ஆரம்ப அங்குலங்களிலேயே கனமாக இழுக்கும், கோடு தொப்பை போட்டுக்கொண்டு ஏறும், பரப்பு கூடும். வேறு சில வில்கள், முக்கியமாக இழுப்புக்குக் குட்டையான வில்கள், கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் திடீரென்று இறுகும். அங்கே கோடு செங்குத்தாக எகிறும், உங்கள் விரல் நோகும், பரப்போ அவ்வளவாகக் கூடாது. பவுண்டுப் பெருமை பேசுபவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

இழுக்கும்போது அளந்தது போலவே, மெதுவாகத் திரும்ப விட்டுக்கொண்டே வரும்போதும் அளந்து பாருங்கள். அதே இடத்தில் எண் சற்றுக் குறைவாக இருக்கும். மர வில்லில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மரம் கொஞ்சம் ஆற்றலை விழுங்கிவிடுகிறது. முழுதாக இழுத்துப் பிடித்தபடி நெடுநேரம் குறி பார்த்தால் இன்னும் கொஞ்சம் போய்விடும்.

சரி, மீதி ஆற்றல் முழுவதும் அம்புக்குப் போகிறதா? அதற்கு வேகம் அளக்கவேண்டும். அம்பின் வேகத்தை நேரடியாகக் காட்டும் கருவியான குரோனோகிராஃப் இருந்தால் நல்லது, இல்லையென்றால் காது போதும். இலக்கை 20 மீட்டரில் வைத்து, கைப்பேசியை ஒலிப்பதிவில் போட்டு, எய்பவருக்கும் இலக்குக்கும் சரி பாதித் தூரத்தில், அம்பு போகும் வழியை விட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள். நாண் அதிரும் சத்தமும் அம்பு தைக்கும் சத்தமும் சம தூரத்திலிருந்து வருவதால் ஒலி வந்துசேரும் தாமதம் கணக்கில் அடிபட்டுப் போகும். இரண்டு சத்தத்துக்கும் இடையே 0.42 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 48 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மிகச் சாதாரணமான கருவியில் இவ்வளவு துல்லியம் கிடைப்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

26 கிராம் அம்பு 48 மீட்டர் வேகத்தில் போனால் இயக்க ஆற்றல் 30 ஜூல். போட்டது 47. மீதி 17 எங்கே? மரம் விழுங்கியது கொஞ்சம், ஆனால் பெரும்பங்கு வில்லின் கைகளையும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளையும், நாணையும் ஓட்டுவதற்கே செலவாகிவிட்டது. அவையும் எடை உள்ள பொருள்கள், அம்போடு சேர்ந்து அவையும் பாய்ந்தாக வேண்டும். பால் கிளாப்ஸ்டெக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைக் கணக்கிட எளிய வழி சொன்னார். வில் ஒவ்வொரு முறையும் அம்போடு சேர்த்து ஒரு கற்பனை எடையையும் எறிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நம் கணக்கில் அது 14, 15 கிராம் வரும். இப்போது அதே வில்லில் 39 கிராம் அம்பை வைத்தால் வேகம் 42 மீட்டர் அளவுக்குக் குறையும், ஆனால் அம்பின் ஆற்றல் 34 ஜூல் பக்கம் ஏறும். கனமான அம்பு மெதுவாகப் போகிறது, ஆனால் வில்லிடமிருந்து அதிகம் வாங்கிக்கொண்டு போகிறது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நெடுவில்கள் 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வளவு தடித்த கைகள் உள்ள வில்லுக்கு மெல்லிய அம்பு கொடுப்பது வீண். அம்பே இல்லாமல் நாணை விட்டால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே இருக்கிறது. மொத்த ஆற்றலும் வில்லுக்குள்ளேயே திரும்பும், வில் முறியலாம். தயவுசெய்து அந்தச் சோதனை வேண்டாம்.

அப்புறம் அம்பின் விறைப்பு. பழைய வகை வில்லில் அம்பு பிடியின் பக்கவாட்டில் உட்காருகிறது, நாணோ பிடியின் நடுவை நோக்கிப் பாய்கிறது. நியாயமாக அம்பு ஒரு பக்கமாக ஓடவேண்டும், ஆனால் குறிக்கே போகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் போன்றவர்கள் அதிவேகப் படம் எடுத்துப் பார்த்தபோது, அம்பு பாம்புபோல நெளிந்து பிடியைச் சுற்றிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனையும் நாண் பாயும் ஒரு விநாடியின் 50இல் ஒரு பங்கு நேரத்திலும் அதை அடுத்தும் நடக்கிறது. நெளிவு வில்லுக்குப் பொருந்தவேண்டும். அதற்காக விறைப்பை அளக்க, 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் அம்பின் தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் தொய்கிறது என்று பார்ப்பார்கள். 26ஐ அந்தத் தொய்வால் வகுத்தால் எந்தப் பவுண்டு வில்லுக்கு ஏற்றது என்று தோராயமாகத் தெரியும். அரை அங்குலம் தொய்ந்தால் 52.

தோராயம்தான். அதனால் கடைசியில் இறகில்லாத தண்டு ஒன்றை, இறகுள்ள அம்புகளோடு சேர்த்துக் கிட்டத்திலிருந்து எய்து பாருங்கள். இறகு பறக்கும்போது பிழையைத் திருத்திவிடும், மொட்டைத் தண்டு எதையும் மறைக்காது. வலது கைக்காரருக்கு அது மற்றவற்றுக்கு இடப்பக்கம் தைத்தால் தண்டு மிக விறைப்பு, வலப்பக்கம் தைத்தால் மிகத் தளர்வு. விறைப்பாக இருந்தால் முனையில் கனமான கூர் போடுங்கள், தளர்வாக இருந்தால் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறையுங்கள். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது, அவசரம் வேண்டாம். வணக்கம்.