மயங்கிய டைவருக்குத் தண்ணீரிலேயே மூச்சு ஊதுவது எப்படி? நான் செய்த தப்பிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். தலை இன்னும் காயவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்கூபா டைவிங் மீட்புப் பயிற்சி முடித்த கையோடு கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்கு ஒரு தப்பு செய்தேன். கூட வந்தவர் மயங்கியதுபோல் மிதக்க, நான் மூச்சு ஊதுவதுபோல் செய்துகாட்ட வேண்டும். அவர் வாய் எட்டவில்லை என்று காலை உதைத்து எழும்பினேன். என் பாரமெல்லாம் அவர் தோளில் இறங்க, முகம் குபுக்கென்று தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் இருமிக்கொண்டு எழுந்தார். நிஜமாக மயங்கியவர் இருமியிருக்க மாட்டார். அத்தனை தண்ணீரும் உள்ளேதான் போயிருக்கும்.

சரி, எப்படிச் செய்வது? நாம் அவர்மேல் ஏறக் கூடாது, அவரை நம் பக்கம் உருட்ட வேண்டும். அவர் அக்குள் வழியாக ஒரு கையை விட்டு, முதுகிலிருக்கும் காற்று டேங்கைப் பிடித்துக்கொண்டு லேசாகத் திருப்பினால், முகம் தானே நம் வாய்ப்பக்கம் வரும். இன்னொரு உள்ளங்கை அவர் நெற்றியில். தலையைப் பின்னால் சாய்த்தபடி அதே கை விரல்களால் மூக்கைப் பிடிக்க வேண்டும். மூக்கை விட்டால் ஊதியதெல்லாம் அந்த வழியாகவே வெளியே போய்விடும்.

இதற்கெல்லாம் முன்னால் மிதப்பு. அவரை மல்லாக்கத் திருப்பி, வெயிட்டை, அதாவது மூழ்குவதற்காகக் கட்டியிருக்கும் பாரத்தை, கழற்றி விட்டுவிட்டு, இரண்டு பேர் பிசிடியிலும் (காற்றடைத்தால் மிதக்கவைக்கும் ஜாக்கெட்) காற்றேற்றுங்கள். உதவிக்குக் கத்துங்கள். மாஸ்க்கையும், வாயில் வைத்து மூச்சு விடும் ரெகுலேட்டரையும் எடுத்துவிட்டு, மூச்சு இருக்கிறதா என்று 10 வினாடிக்குள் பாருங்கள். இல்லையென்றால் முதலில் 2 முறை ஊத வேண்டும், ஒவ்வொன்றும் 1 வினாடி. பலூன் ஊதுகிற வேகம் வேண்டாம். காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வந்துவிடும். நாம் வெளியே விடும் காற்றிலும் சுமார் 16 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது, அது போதும்.

அப்புறம் அவரைப் படகுக்கோ கரைக்கோ இழுத்துக்கொண்டே 5 வினாடிக்கு ஒரு முறை ஊதுங்கள். எண்ணிக்கையைச் சத்தமாகவே சொல்லுங்கள், மனசுக்குள் எண்ணினால் பதற்றத்தில் 3 வினாடியே 5 ஆகிவிடும். அலை வருகிறதா, அவர் வாயையும் மூக்கையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு ஊதல் தாமதமானாலும் பரவாயில்லை, தண்ணீர் போகக் கூடாது.

எவ்வளவு தூரம் இப்படி இழுப்பது? கடலடி மருத்துவ நிபுணர்கள் 2012இல் தந்த பரிந்துரைப்படி, படகோ கரையோ 5 நிமிடத்துக்குள் என்றால் ஊதிக்கொண்டே போகலாம். அதைவிடத் தூரமென்றால் 1 நிமிடம் ஊதிப் பாருங்கள். அசைவே இல்லையென்றால் ஊதுவதை விட்டுவிட்டு வேகமாக இழுங்கள். கேட்க மனசு ஒப்பாது, எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் இதயம் நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தியாக வேண்டும். மிதக்கிற உடம்பை எதன்மேல் வைத்து அழுத்துவது?

படகில் ஏற்றியதும் மறுபடி சில ஊதல், பிறகு 30 அழுத்தம், 2 ஊதல் என்று சிபிஆர். மூழ்கியவருக்கு முதலில் தீர்ந்தது ஆக்சிஜன்தான், அதனால் வெறும் அழுத்தம் போதாது. வாயில் நுரை வந்துகொண்டே இருந்தால் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், நுரையோடு ஊதுங்கள். பாக்கெட் மாஸ்க் (அவர் வாய், மூக்குமேல் வைத்து ஊதும் சின்ன மூடி) இருந்தால் இங்கே கைகொடுக்கும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் வேலையே வேண்டாம். கண் விழித்து 'நன்றாக இருக்கிறேன்' என்று சொன்னாலும் ஆக்சிஜன் கொடுத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரல் சிக்கல் சில மணி நேரம் கழித்தும் வரும்.

நாளைக் காலை இதே பயிற்சி மறுபடி இருக்கிறது. மயங்குகிற வேடம் நாளைக்கு எனக்காம். கூட வந்தவர் இப்போதே சிரிக்கிறார்.