மேசன் மாமாவின் முதிரை நிலை

(31ஆம் நாள் நினைவுக் கூட்டத்தில், சனசமூக நிலைய மண்டபத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு இருக்கும் மாமி அவர்களே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

சுவரோரம் இருப்பவர்கள் அந்தச் சுவரை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். இந்த மண்டபத்தைக் கட்ட மூலை பிடித்தவர் இன்று நாம் நினைவுகூரும் மேசனார்தான். ஒரு பக்கம் 3 அடி, மற்றப் பக்கம் 4 அடி அளந்து கட்டை அடிப்பார். குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். அரை அங்குலம் பிசகினாலும் நூலை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். "இந்த மூலையில அரை அங்குலம் விட்டா அங்கால அந்தத்தில நாலஞ்சு அங்குலமா நிக்கும், தம்பி" என்பார்.

ஊர் அவரை மேசனார் என்று கூப்பிட்டது. எனக்கு அவர் மாமா. போர் முடிந்து மீளக்குடியேறிய பிறகு, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறை நாள்களில் அவருக்குக் கையாளாகப் போனேன். என் புத்தகக் காசு அவர் தந்த நாள்கூலி.

அந்தக் காலம் உங்களுக்குத் தெரியும். முகாமிலிருந்து வந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். 2012இல் இந்திய வீட்டுத்திட்டம் இங்கே பெருமளவில் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. அதுவும் ஒரேயடியாக இல்லை, கட்டம் கட்டமாக. ஒரு கட்டம் முடித்துக் காட்டினால்தான் அடுத்த காசு. வீட்டுக்காரரே சாமான் வாங்கி, ஆள் பிடித்துக் கட்ட வேண்டும். ஆண் துணை இல்லாத வீடுகள் எத்தனை இருந்தன! அந்த அக்காமாருக்கு சீமெந்து எத்தனை பை போகும், மணல் எத்தனை லோட் வேண்டும் என்று எப்படித் தெரியும்? ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். மாமா பின்னேரம் வேலை முடிந்ததும் வெறும் சீமெந்துப் பைகளை உதறி மடித்து, எண்ணி, வீட்டுக்காரியின் கையில் கொடுப்பார். "இண்டைக்கு ஏழு பை உடைச்சது பிள்ளை, எழுதி வை." ஒருநாளும் இதை மறக்கமாட்டார். சீமெந்துக் கல்லரிந்தால் ஒரு கிழமையாவது தண்ணீர் விட வேண்டும் என்பதை அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளிடம்தான் ஒப்படைப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர்கள் வாளியோடு ஓடுவார்கள்.

அவர் சீமெந்தை அப்படி மதித்ததற்குக் காரணம் உண்டு. 1990இல் காங்கேசன்துறை சீமெந்து ஆலை நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடைப் பட்டியலில் சீமெந்தும் இருந்தது. மேசன் வேலை தெரிந்தவருக்கு அது கையைக் கட்டிப்போட்ட மாதிரி. அவர் புற்றுமண்ணை எடுத்தார். குழைத்து, மிதித்து, ஒருநாள் ஊறவிட்டுச் சுவர் வைத்தார். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து, பிறகு பெருந்தொகையாகச் சனம் இந்த வன்னிக் காட்டுக்கு வந்தபோது, எத்தனையோ குடும்பங்களுக்கு மண்சுவர் வைத்துக் கிடுகு வேய்ந்து கொடுத்தார் என்று ஆச்சிமார் இன்றும் சொல்கிறார்கள். அந்த மண்சுவருக்கும் நேர் பார்க்கத் தூக்குக்குண்டு பிடித்தாராம். மண்தானே என்று விடவில்லை.

ஐந்து மணிக்குச் சாந்தகப்பையைக் கழுவித் துடைத்து உரப்பைக்குள் வைப்பார். சைக்கிள் நேரே வீட்டுக்குத்தான் போகும், இடையில் கடையடியில் பணிஸ் வாங்க மட்டும் நிற்கும். வெளிமாவட்டத்தில் நல்ல கொந்தராத்து வந்தது. இரவு தங்க வேண்டும் என்றதும் வேண்டாமென்றார். மாமிக்கு நாரி நோ வந்து படுத்திருந்த மாதங்களில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தலை இழுத்துப் பின்னிவிட்டது அவர்தான். சீமெந்து அரித்து வெடித்த விரல்கள் தலைமயிரில் சிக்கும் என்று துணி சுற்றிக்கொண்டு பின்னுவாராம். மூத்த மகள் இன்று தொழில்நுட்ப உத்தியோகத்தர். வேலைத்தளம் பார்க்கப் போகும்போது அப்பாவின் தூக்குக்குண்டுதான் அவளின் கைப்பையில் இருக்கிறது.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

அவரின் பழைய வீட்டு வாசலில் முதிரை மரத்தில் செய்த ஒரு கதவு நிலை இருந்தது. கலியாணம் முடித்த வருடம், தன் முதல் பெரிய உழைப்பில் செய்வித்தது. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது விட்டுப் போனார். திரும்பி வந்தபோது சுவர் விழுந்திருந்தது, நிலை நின்றது. அதைச் சுற்றி வீட்டைத் திரும்பக் கட்டினார். 2008இல் மறுபடி வெளிக்கிட்டபோது சனம் கூரை ஓடுகளையும் தகரத்தையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றியது. அவர் அந்த நிலையையும் ஏற்றினார். தருமபுரம், விசுவமடு என்று போய், உடையார்கட்டில் அதைப் பங்கருக்கு மேலே கிடத்தி மண்மூட்டை அடுக்கினார். பிள்ளைகள் அதற்குக் கீழேதான் இருந்தார்கள். பிறகு அங்கிருந்தும் ஓட வேண்டி வந்தது. நிலை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

2013இல் உடையார்கட்டுப் பக்கம் ஒரு வேலைக்குப் போனோம். வழியில் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்தோம். மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். நிலையின் வலக்கால் அடியில் கொத்துப்பட்ட ஒரு வடு. அதில் கையை வைத்தார். எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கார அம்மா, "காணி துப்புரவாக்கேக்க மண்ணுக்கு கீழ கிடந்தது ஐயா, நல்ல மரம்" என்றார். மாமா, "ஓம், நல்ல மரம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

சைக்கிளில் வரும்போது கேட்டேன், ஏன் மாமா சொல்லவில்லை என்று. "அவையளுக்கும் ஒரு வாசல் வேணுந்தானே" என்றார். கொஞ்சத் தூரம் போனபிறகு, "ஆனா நிலை உள்ளுக்குச் சரிஞ்சு நிக்குது, கதவு தானாத் திறக்கும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய், அந்த அம்மாவிடம் ஒரு சதமும் வாங்காமல், நிலையைப் பெயர்த்துத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்திவிட்டு வந்தார். மாமி, இது உங்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்றவர். இன்று சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கடைசியாகத் தொட்ட வேலை, கோயிலடி ஆச்சியின் குசினி. சுவர் வாசலுக்கு மேலே லின்டல் மட்டத்தில் நிற்கிறது. சாரக் கம்புகள் இன்னும் கழற்றவில்லை. மாரி வரமுன் கூரை போட வேண்டும். நாளைக் காலை ஏழு மணிக்கு அவரின் மகன் அங்கே வேலை தொடங்குகிறான். கலவை குழைக்க ஆள் வேண்டும் என்றான். நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.